ரிம்மில் தடவிய பால்

பழனியப்பனிடம் ஒரு கெட்ட பழக்கம் உண்டு. யார் எதைக் கேட்டாலும் முடியாது என்று மட்டும் சொல்லமாட்டான். சொன்னால் நாக்கு அழுகிவிடும் என்று யாரோ பயமுறுத்தி வைத்ததுபோல நடந்துகொள்வான். ஈப்போவில் ஒரு பஸ் பட்டறையில் டயர் மாற்றுவது அவன் வேலை. ஆளுயர பஸ் டயரையே ஒற்றைக் கையால் உருட்டிக்கொண்டு போகிறவனுக்கு, விரல் பருமனுள்ள சைக்கிள் டயர் எம்மாத்திரம்? அப்படித்தான் அவன் நினைத்தான்.

அது எண்பத்தெட்டாம் வருடம். நீந்திக் கரையேறி, ஈரம் சொட்டச் சொட்ட சைக்கிள் மிதித்து, சைக்கிளைப் போட்டுவிட்டு ஓடி, மூன்றையும் ஒரே மூச்சில் முடிக்கிற டிரையத்லான் என்ற கிறுக்குத்தனம் அப்போதுதான் நம் பக்கம் எட்டிப் பார்த்திருந்தது. லூமுட் கடற்கரையில் நடக்கப்போகும் போட்டிக்கு ஈப்போ விளையாட்டு மன்றத்திலிருந்து ஒரே ஒரு பெண்ணை அனுப்புவதாக இருந்தார்கள். அதற்குப் போட்டியிட்டவர்கள் இரண்டு பேர். ஒருத்தி பழனியப்பனின் தங்கை இருளாயி, கையுறைத் தொழிற்சாலையில் வேலை பார்ப்பவள். இன்னொருத்தி சக்கீனா, சாப்பாட்டுக்கடை ஜைனுலாப்தீனின் மகள். போட்டிக்காரிகள் என்று பெயரே தவிர, இரண்டு பேரும் ஒரே தட்டில் சாப்பிடுகிற சிநேகம்.

இரண்டு சைக்கிளுக்கும் வைத்தியன் பழனியப்பன்தான். பந்தய சைக்கிளின் டயர் மற்ற டயரைப்போல ரிம்முக்குள் கவ்விக்கொண்டு நிற்காது. டியூபை உள்ளே வைத்துத் தைத்த ஒரு வளையம் அது. ரிம்மில் பசை தடவி ஒட்டவேண்டும். பசை பிடித்தால்தான் டயர் நிற்கும். பசை விட்டால் டயரும் போச்சு, மேலே இருக்கிறவளும் போனாள். யார் போவது என்று முடிவாகும் ஒத்திகைக்கு முன்பு பழைய பசையைச் சுரண்டிவிட்டுப் புதிதாக ஒட்டவேண்டும் என்று இரண்டு பெண்களும் சக்கரங்களைக் கழற்றிக் கொண்டுவந்து கொடுத்தார்கள். சரி என்று வாங்கிவைத்தான். சீனன் கடைக்குப் போனால் பசை இல்லை. கோலாலம்பூரிலிருந்து அடுத்த வாரம்தான் வரும் என்று சொல்லிவிட்டான் கடை முதலாளி தவுக்கே. ஒத்திகையோ இந்த ஞாயிற்றுக்கிழமை.

வேறொருவன் என்றால் திரும்பி வந்து, பசை கிடைக்கவில்லை என்று சொல்லியிருப்பான். பழனியப்பன் மோட்டார் சைக்கிளை நேராகக் காம்பார் பக்கம் விட்டான். அவன் பிறந்து வளர்ந்த மேட்டுத் தோட்டம் அங்கேதான் இருந்தது. தோட்டத்தை விற்று, ரப்பர் மரத்தைச் சாய்த்து, எண்ணெய்க்காகச் செம்பனை நட்டுவிட்டார்கள். ஆனாலும் ஓரத்தில் சொந்தமாக ஒரு துண்டு நிலம் வைத்துக்கொண்டு முத்தம்மா அக்கா இன்னமும் பால் வெட்டிக்கொண்டிருந்தாள். தோட்டத்துப் பிள்ளைக்கு ரப்பர் பாலைத் தவிர வேறு எது பசை? பள்ளிப் புத்தகத்துக்கு அட்டை ஒட்டியது அந்தப் பால். அறுந்த செருப்பை ஒட்டியது அந்தப் பால். டயரே அந்தப் பாலில் செய்ததுதானே, தாயையும் பிள்ளையையும் ஒட்டவைக்க எவனிடம் பசை கேட்பது என்று அவனுக்குப் பட்டது. வழியில் கட்டிப்போகாமல் இருக்க முத்தம்மா அக்கா கொஞ்சம் அமோனியா ஊற்றி, ஒரு பால் டின்னில் அடைத்துக் கொடுத்தாள்.

அன்று மாலையே நான்கு சக்கரத்திலும் தாராளமாகத் தடவி ஒட்டினான். மறுநாள் டயரின் ஓரத்தை நகத்தால் நெம்பிப் பார்த்தான். இரும்பு மாதிரி பிடித்திருந்தது. அதற்கு மறுநாளும் பார்த்தான், அப்படியே இருந்தது. கடைப் பசையாவது மண்ணாவது என்று மனதுக்குள் சீட்டியடித்தான்.

சனிக்கிழமை, குடிக்கிற தண்ணீர் தயாரிக்கும் வேலை. கொதித்து ஆறிய தண்ணீரில் குளுகோஸ், உப்பு, கொஞ்சம் எலுமிச்சை, வாய் வறண்டால் எச்சில் ஊறுவதற்கு ஆளுக்கொரு ஆசாம்பூய், உப்பில் ஊறவைத்து உலர்த்திய புளிப்புப் பழம். ருசி பார்த்து, உப்பு தூக்கலாக இருந்ததை கொஞ்சம் தண்ணீர் விட்டுச் சரிசெய்து, பிளாஸ்டிக் பாட்டில்களில் ஊற்றினான். இருளாயியின் பாட்டிலுக்குச் சிவப்பு நூல், சக்கீனாவின் பாட்டிலுக்குப் பச்சை நூல். ஜைனுலாப்தீன் தம் கடையிலிருந்து ஐஸ் கட்டியைச் சாக்கில் சுற்றிக்கொண்டு வந்தார்.

"எனக்கு இந்த வெளையாட்டுல ஒண்ணும் வெளங்கல தம்பி," என்றார். "ஒங்கள நம்பித்தான் புள்ளய அனுப்புறேன்."

"நம்ம வீட்டுப் புள்ள மாதிரி பாய். நீங்க கடையப் பாருங்க," என்றான் பழனியப்பன். அவன் பொய் சொல்லவில்லை. அந்த நேரத்தில் அது உண்மையாகத்தான் இருந்தது.

ஞாயிறு விடிந்ததும் ஊருக்கு வெளியே, ஈயம் தோண்டிய பள்ளத்தில் நீர் நின்ற ஈயக்குட்டைக் கரையில் கூடினார்கள். மன்றச் செயலாளர் பிச்சைமுத்து வாத்தியார், பள்ளிக்கூடத்தில் உடற்பயிற்சி சொல்லித்தருகிறவர். கழுத்தில் விசில், முகத்தில் சிரிப்பில்லை.

"குட்டையில நீச்சல். அப்புறம் மேட்டுத் தோட்டத்து ரோட்டுல சைக்கிள். இறக்கத்துக்குக் கீழ, இரும்புப் பாலம் தாண்டி நான் நிப்பேன், அங்கேருந்து ஓட்டம்," என்றார். "இன்னிக்கு எவ முன்ன வந்து சேர்றாளோ அவதான் லூமுட்டுக்கு. அப்புறம் எங்கிட்ட வந்து அழக்கூடாது."

இருளாயி குனிந்து முன்சக்கரத்தைக் கட்டை விரலால் அழுத்தினாள். "காத்து நல்லா இருக்கு. கடைப் பசைதானே அண்ணே?"

"பின்ன?" என்றான்.

அந்த ஒரு சொல் போதும். 'இல்லை' என்று சொல்ல அப்போது அவனுக்கு நேரம் இருந்தது, வாயும் இருந்தது. கண்ணை மூடிக்கொண்ட பூனைக்கு உலகம் இருட்டாகத்தான் தெரியும். "அண்ணே ஒட்டுனா அப்பீல் ஏது லா," என்று சக்கீனா சிரித்துக்கொண்டே தலைமுடியைத் தொப்பிக்குள் திணித்தாள். விசில் ஒலித்தது. இருவரும் தண்ணீரில் பாய்ந்தார்கள்.

பழனியப்பன் பாட்டில்களோடு முன்னாலேயே கிளம்பிப் போய்விட்டான். மேட்டுத் தோட்டத்து ரோடு ஏறிக்கொண்டே போகும். ஏற்றத்தின் முக்கால் பாகத்தில் பழைய பெரட்டுக் களம் இருந்தது. விடிகாலையில் தோட்டத்து ஆட்களை வரிசையில் நிறுத்திப் பேர் கூப்பிட்ட இடம் அது. இப்போது புல் மண்டிக் கிடந்தது. அங்கேதான் அவன் தண்ணீர் கொடுக்கவேண்டும். அதற்குமேல் இன்னும் கொஞ்சம் ஏற்றம், பிறகு உச்சி. உச்சி தாண்டினால் செங்குத்தான இறக்கம். இறக்கத்தின் அடியில் ரோடு வெடுக்கென்று இடது பக்கம் திரும்பி இரும்புப் பாலத்தில் ஏறும். திரும்பாமல் நேராகப் போனால் தோட்டத்து ஆட்கள் குடியிருந்த வரிசை வீடுகளான, இப்போது ஆளில்லாத பழைய லயத்துக்கு ஏறுகிற செம்மண் பாதை.

தண்ணீர் கொடுப்பதற்கும் ஒரு பயிற்சி வைத்திருந்தான். ஓடிக்கொண்டே நீட்ட வேண்டும், அவர்கள் நிற்காமல் பறித்துக்கொண்டு போக வேண்டும். "யாரு கூப்பிட்டாலும் நிக்கக்கூடாது. நானே கூப்பிட்டாலும் நிக்கக்கூடாது," என்று சொல்லியிருந்தான். போன வாரம் சோதித்துப் பார்ப்பதற்காக நடுரோட்டில் நின்று கையைக் காட்டினான். இருளாயி பாவம், நிறுத்திவிட்டாள். அதற்கு அவளை நன்றாக ஏசினான்.

முதலில் வந்தது சக்கீனா. நீச்சலில் அவள் மீன். முகம் சிவந்து, வாயைத் திறந்து மூச்சு வாங்கிக்கொண்டு வந்தவள், பச்சை நூல் கட்டிய பாட்டிலை அவன் கையிலிருந்து லாகவமாகப் பறித்தாள். "அவ பின்னாடியே வாரா அண்ணே," என்று சொல்லிவிட்டு ஏற்றத்தில் மிதித்துப் போனாள். தங்கை பின்தங்கிவிட்டாளே என்று பழனியப்பனுக்கு வயிறு எரிந்தது. எரியாது என்று யாராவது சொன்னால் அவருக்குத் தங்கை இல்லை என்று அர்த்தம்.

இருளாயியின் பாட்டிலை எடுக்க மோட்டார் சைக்கிள் கூடையில் கையை விட்டான். விரலில் பிசுபிசு என்று ஏதோ ஒட்டியது. மேட்டில் ஏறிய குலுக்கலில், ஒட்டிய நாளிலிருந்து கூடையிலேயே கிடந்த பால் டின் கவிழ்ந்திருந்தது. மிச்சம் இருந்த பால், மூடியில்லாமல் அத்தனை நாள் கிடந்தது, எப்போதோ காய்ந்திருக்க வேண்டும். மேலே தடித்த ஆடை கட்டியிருந்தது உண்மைதான். அந்த ஆடை கிழிந்து, உள்ளே இருந்து வெள்ளை வெளேரென்று பால், நேற்று வெட்டியதுபோல, கூடையில் விரித்திருந்த துணியில் ஊறிக்கொண்டிருந்தது. அமோனியா நெடி மூக்கில் ஏறியது.

பழனியப்பன் டின்னுக்குள் விரலை விட்டான். ஆடைக்கு அடியில் விரல் முழுக்க நனைந்தது.

திறந்து கிடந்த டின்னிலேயே காயாத பால், காற்றுப் புகாமல் டயருக்கு அடியில் அமுங்கிக் கிடந்தால் எப்படிக் காயும்? நகத்தால் நெம்பிப் பார்த்தது ஓரத்து ஆடையை. நடுவில் இருப்பது பால். மரத்தில் கட்டிய மங்குக் கிண்ணத்தில் நிற்கிற பாலை விரலால் தொட்டே கட்டிவிட்டதா இல்லையா என்று சொல்லக்கூடிய தோட்டத்துப் பிள்ளை, இந்த ஒன்றை யோசிக்கவில்லை. சமதரையிலும் ஏற்றத்திலும் அந்த ஆடை தாங்கும். இறக்கத்தில் பிரேக் பிடித்து ரிம் சூடேறி, பாலத்து வளைவில் சைக்கிள் சாயும்போது டயர் தோல் உரிவதுபோல உரிந்துவிடும். கீழே இரும்புக் கம்பி, அதற்கும் கீழே பாறை.

நிமிர்ந்து பார்த்தான். மேலே, உச்சிக்குப் போகும் ரோட்டில் சக்கீனாவின் முதுகு தெரிந்தது. கீழே, செம்பனைகளுக்கு நடுவே இருளாயி கொஞ்ச தூரத்தில் ஏறி வந்துகொண்டிருந்தாள். அவனிடம் ஒரு மோட்டார் சைக்கிள்தான் இருந்தது. இப்போதே கிளம்பினால் சக்கீனாவை உச்சிக்கு முன்னாலேயே மறித்துவிடலாம். ஆனால் அவன் திரும்பி வருவதற்குள் இருளாயி உச்சியைத் தாண்டி எதிரில் இறங்கிக்கொண்டிருந்தால்? ஒருத்தியைப் பிடித்து நிறுத்துகிற நேரத்தில் இன்னொருத்தி அவனைச் சுற்றிக்கொண்டு கடந்துபோனால்?

யோசித்தால் வழி இருந்திருக்கும். மேலே போய் உச்சியிலேயே நின்றிருந்தால் இரண்டு பேரையும் அங்கேயே மறித்திருக்கலாம். பழனியப்பன் யோசிக்கவில்லை. அவன் கண்ணுக்கு ஏற்றத்தில் தலை குனிந்து மிதித்து வருகிற தங்கை மட்டும்தான் தெரிந்தாள். அவன் கால்கள் அங்கேயே நின்றன. இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். சக்கீனா விழுந்தால் லூமுட்டுக்கு இருளாயிதான் என்ற நினைப்பு, ஒரு கொசுவைப்போல, அவன் காதோரம் ஒரு தரம் பறந்துவிட்டுப் போனது. அதை அவன் அடித்துத்தான் விரட்டினான். ஆனால் வந்தது வந்ததுதான்.

இருளாயி நெருங்கியதும் அவள் பாட்டிலைக் கையில் பிடித்தபடியே நடுரோட்டுக்கு ஓடி இரண்டு கைகளையும் விரித்தான்.

"நில்லு. நில்லு இருளாயி, எறங்கு."

அவள் தலையைத் தூக்கிப் பார்த்தாள். போன வாரம் வாங்கிய ஏச்சு அவளுக்கு மறக்கவில்லை. சட்டென்று ஒடித்து அவனைச் சுற்றி வந்து, அவன் கையில் இருந்த பாட்டிலைப் பறித்துக்கொண்டு பறந்தாள். "இன்னிக்கு ஏமாற மாட்டேண்ணே," என்று அவள் சொன்னது காற்றில் வந்தது.

இப்போது இரண்டு பேரும் அவனுக்கு முன்னால் போய்விட்டார்கள். பழனியப்பன் மோட்டார் சைக்கிளை உதைத்துக் கிளப்பினான். கை வழுக்கியது, விரலெல்லாம் பால். உச்சிக்குச் சற்று முன்னால் இருளாயியின் பக்கத்தில் போய்ச் சேர்ந்தான்.

"கடைப் பசை இல்ல. தோட்டத்துப் பாலு. உள்ள காயவே இல்ல."

இரண்டாம் தடவை சொல்லவேண்டியிருக்கவில்லை. அவளும் அதே லயத்தில் பிறந்தவள், அதே பாலில் அட்டை ஒட்டியவள். பிரேக் பிடித்து, காலை ஊன்றி இறங்கிவிட்டாள்.

"சக்கீனாவுக்கும் அதானா?"

"அவளுக்கும் அதான்."

"அப்ப என்கிட்ட ஏன் நின்னு பேசிக்கிட்டிருக்கே?" என்றாள் இருளாயி. அந்தக் குரலை அவன் அதற்குமுன் கேட்டதில்லை.

உச்சியைத் தாண்டியபோது சக்கீனா இறக்கத்தின் பாதியைக் கடந்திருந்தாள். பழனியப்பன் கைப்பிடியை முழுதாக முறுக்கினான். கண்ணில் நீர் வழிந்தது, பூச்சி முகத்தில் அறைந்தது, மோட்டார் சைக்கிள் முழுக்க நடுங்கியது. இறக்கத்தில் அந்தப் பெண் நன்றாகவே போனாள். உடம்பைக் குறுக்கி, கையை அசைக்காமல், அவன் சொல்லிக்கொடுத்தபடியே. அதுதான் அவனுக்கு அழுகையை வரவழைத்தது. மாரியம்மா, அவ பிரேக் பிடிக்கக்கூடாது, பிரேக் பிடிக்கக்கூடாது என்று வாய்க்குள் சொல்லிக்கொண்டே போனான்.

பக்கத்தில் வந்தபோது பார்த்தான். அவள் பின்சக்கரத்தின் ஓரத்தில் பால் கசிந்து, சுற்றுகிற வேகத்தில் கம்பிகளில் வெள்ளைப் புள்ளிகளாகத் தெறித்துக்கொண்டிருந்தது. டயர் ஒரு பக்கமாக நெளிய ஆரம்பித்திருந்தது. வளைவு கண்ணுக்கெதிரே வந்துவிட்டது.

"சக்கீனா. டயர் கழலுது. பிரேக் பிடிக்காத. வளையாத," என்று தொண்டை கிழியக் கத்தினான். "நேரா லயத்துப் பாதையில ஏத்து."

அவள் திரும்பி அவன் முகத்தை ஒரு தரம் பார்த்தாள். யார் கூப்பிட்டாலும் நிற்காதே என்று சொன்ன அதே வாய்தான் இப்போது இதையும் சொன்னது. அவள் எதை நம்புவாள்? பிரேக்கின்மேல் இருந்த அவள் விரல்கள் பிரிந்தன. ரோடு இடது பக்கம் திரும்பியது. சக்கீனா திரும்பவில்லை.

செம்மண்ணில் ஏறியதும் சைக்கிள் துள்ளியது. ஏற்றம் வேகத்தைக் கொஞ்சம் தின்றது, மீதியை மண் தின்றது. முதல் பள்ளத்தில் பின் டயர் முழுதாக உரிந்து, சக்கரத்துக்குள் சிக்கி, அறுந்து வெளியே விழுந்தது. சைக்கிள் ஒரு பக்கம் போனது, அவள் ஒரு பக்கம் போய் லாலாங் புல்லுக்குள் விழுந்தாள்.

பழனியப்பன் மோட்டார் சைக்கிளை அப்படியே சாய்த்துப் போட்டுவிட்டு ஓடினான். சக்கீனா எழுந்து உட்கார்ந்திருந்தாள். முழங்கையில் தோல் போயிருந்தது. இடது மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டிருந்தாள். விரல்களை அசைத்துப் பார்த்தாள், அசைந்தன. உயிரோடு இருக்கிறாள், உயிரோடு இருக்கிறாள் என்பதைத் தவிர அவன் தலைக்குள் வேறெதுவும் ஓடவில்லை. பக்கத்தில் தொப்பென்று உட்கார்ந்தான்.

கொஞ்ச நேரம் அவள் கழன்று கிடந்த டயரையே பார்த்தாள். அதன் அடிப்பக்கம் முழுக்க ஈரப் பால் மினுங்கியது.

"இது என்னாண்ணே?"

சொன்னான். கடையில் பசை இல்லாதது, முத்தம்மா அக்கா, காலையில் சொன்ன பொய், எல்லாவற்றையும் ஒரே மூச்சில் கொட்டினான். அவள் கோபப்படவில்லை. தலையை ஆட்டிக்கொண்டே கேட்டாள்.

"உள்ள காயலன்னு எப்பத் தெரிஞ்சுது?"

இங்கேயும் ஒரு பொய் கையெட்டும் தூரத்தில் இருந்தது. இப்போதுதான் தெரிந்தது, தெரிந்ததும் ஓடி வந்தேன் என்று சொல்லியிருக்கலாம். யாரும் கேட்கப்போவதில்லை. பழனியப்பனுக்கு நாக்கு வரைக்கும் வந்தது. அதை விழுங்கினான்.

"நீ பாட்டில் வாங்கிட்டுப் போன ஒடனே."

சக்கீனா உச்சிப் பக்கம் பார்த்தாள். பெரட்டுக் களத்திலிருந்து உச்சிக்கு எவ்வளவு தூரம், அதை மிதித்து ஏற எவ்வளவு நேரமாகும் என்று அவளுக்குத் தெரியாததல்ல. அவள் காலுக்குத்தான் அது நன்றாகத் தெரியும்.

"அப்ப நான் உச்சிக்குப் போறதுக்கு முன்னாடியே வந்திருக்கலாமே."

"வந்திருக்கலாம்," என்றான். "இருளாயி வரட்டும்னு நின்னுட்டேன்."

"ம்," என்றாள் சக்கீனா. திட்டியிருந்தால் வாங்கிக்கொண்டிருப்பான். அவள் தன் முழங்கையில் ஒட்டியிருந்த மண்ணை ஊதி ஊதித் தட்டிக்கொண்டிருந்தாள்.

இருளாயி இறக்கம் முழுக்க ஓடியே வந்தாள், சைக்கிளை மேலேயே போட்டுவிட்டு. கையில் சிவப்பு நூல் கட்டிய பாட்டில் மட்டும் இருந்தது. அண்ணன் எழுந்து எதிரே போனான். அவள் அவனைத் தாண்டிப்போய்ச் சக்கீனாவின் முன்னால் மண்டி போட்டு, பாட்டிலைத் திறந்து முதலில் அவளைக் குடிக்க வைத்தாள். மிச்சத்தைக் காயத்தில் ஊற்றினாள். உப்புத் தண்ணீர் எரிந்ததில் சக்கீனா பல்லைக் கடித்தாள். அப்போதுதான் அவளுக்கு அழுகை வந்தது. இருளாயியும் சேர்ந்து அழுதாள்.

பாலத்துப் பக்கமிருந்து பிச்சைமுத்து வாத்தியார் வேகமாக நடந்து வருவது தெரிந்தது.

"வாத்தியார்கிட்ட நானே சொல்றேன்," என்றான் பழனியப்பன். "வேற நாள் வைக்கச் சொல்லிக் கேக்குறேன். கடைப் பசை வந்ததும் நாலு சக்கரத்தையும் சுரண்டி, நானே புதுசா..."

"வேணாண்ணே," என்றாள் இருளாயி. கண்ணைத் துடைத்துக்கொண்டு, குரலை உயர்த்தாமல் சொன்னாள். "சக்கரத்த நாங்களே ஒட்டிக்கிறோம்."

அவன் சக்கீனாவைப் பார்த்தான். இல்லை, நீங்களே ஒட்டுங்கள் என்று அவளாவது சொல்லமாட்டாளா என்று பார்த்தான். அவள் கழன்ற டயரைத் தோளில் மாட்டிக்கொண்டு எழுந்தாள். இருளாயி சைக்கிளைத் தூக்கி நிறுத்தி அவளுக்குத் தோள் கொடுத்தாள். இருவரும் செம்மண் பாதையில் மெல்ல இறங்கிப் போனார்கள்.

பழனியப்பன் வாத்தியாருக்குச் சொல்லவேண்டியதை மனதுக்குள் அடுக்கிக்கொண்டு, மோட்டார் சைக்கிளைக் கிளப்பாமல் தள்ளிக்கொண்டே அவர்கள் பின்னால் நடந்தான்.